திறந்து கிடக்கும் கதவுகள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல்

என் தந்தையார் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் புறப்பட்டால், பூட்டை ஒரு முறைக்கு இரு முறை இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்த பின்னும் ஐயம் தோன்றினால் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். திருடன் எடுத்துச் செல்லும் அளவுக்கு எங்கள் வீட்டில் எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் கதவு என்று ஒன்று இருந்தால் அதைப் பூட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவருக்கு இருந்த இந்த எச்சரிக்கை, கணிப்பொறி படிக்க வந்த எனக்கு இல்லாமற்போயிற்று. அதனால் வேறொருவருக்கு நேர்ந்த இழப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பிளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறையில் எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்லூரியில் சேர்ந்த பிறகும் மாலை வேளைகளில் அங்கே செல்வதுண்டு. மூன்று கணிப்பொறிகள், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர் ஆகியவையே அக்கடையின் சொத்து. ஒரு நாள் இரண்டாவது கணிப்பொறியிலிருந்து பிரிண்டருக்கு அச்சுப் போகவில்லை. வாசலில் கூட்டம். “தம்பி, எப்படியாவது பிரிண்ட் வர வைப்பா” என்றார் கடைக்கார அண்ணன். ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன், அச்சு வந்துவிட்டது. அன்று எனக்குக் கிடைத்த பாராட்டில் அதைத் திரும்ப இயக்க வேண்டும் என்ற நினைவே வரவில்லை. அப்டேட் வந்தால் டேட்டா தீர்ந்துவிடுகிறது என்று அண்ணன் வருந்தியபோது, மூன்றிலும் அப்டேட்டை நிறுத்தி வைத்ததும் நானே. எல்லாக் கணிப்பொறிகளிலிருந்தும் எளிதாகத் திறக்கட்டும் என்று ஒரு பொதுக் கோப்புறையைக் கடவுச்சொல் இல்லாமல், எவரும் படிக்கலாம், எவரும் எழுதலாம் என்று பகிர்ந்து வைத்ததும் நானே.

சில மாதங்கள் கழித்து, வாடிக்கையாளர் ஒருவருக்கு வந்த மின்னஞ்சலின் இணைப்பை அச்செடுப்பதற்காக முதல் கணிப்பொறியில் திறந்தோம். மறுநாள் காலையில் கோப்புகளின் பெயர்களெல்லாம் மாறிக் கிடந்தன. எதுவும் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் திறந்து தருவோம் என்று ஓர் அறிவிப்பு மட்டும் திறந்தது. முதல் கணிப்பொறியோடு நின்றிருந்தால் இழப்பு சிறிது. ஆனால் பொதுக் கோப்புறை வழியாக எல்லாமே போய்விட்டன. நான்கு ஆண்டுக் கணக்கு போயிற்று. ஓய்வூதியம் கேட்டு வந்த முதியவர்கள், முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டு வந்த பிள்ளைகள், நிலப் பத்திரத்தை நகலெடுத்து வைத்துவிட்டுப் போனவர்கள் ஆகியோரின் ஆவணங்களும் போயின. பழுது பார்க்க வந்தவர் மூன்று கணிப்பொறிகளையும் துடைத்து எடுத்துவிட்டு, ஃபயர்வாலையும் அப்டேட்டையும் யார் நிறுத்தியது என்று கேட்டார். நான் தலை குனிந்து நின்றேன். அண்ணன், “தெரிஞ்சா செஞ்சே? விடுப்பா” என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்று முதல் இந்தப் பொருள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் எனக்குப் பெரிதாகத் தோன்றிய உண்மை ஒன்று உண்டு. உலகையே உலுக்கிய பல கணிப்பொறித் தாக்குதல்களில், மருந்து முதலில் வந்தது. நோய் பின்னால்தான் வந்தது. இது எவ்வாறு என்பதை இனிக் காண்போம்.

கதவு என்பது எது?

கணிப்பொறியின் உறுப்புகளையும் நாம் பயன்படுத்தும் நிரல்களையும் இணைத்து மேய்க்கும் அடிப்படை நிரலே இயக்க அமைப்பு ஆகும். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓ.எஸ். ஆகியவை மேசைக் கணிப்பொறிகளில் பெரிதும் வழங்கும் இயக்க அமைப்புகள். கோப்பைச் சேமித்தல், திரையில் காட்டுதல், அச்சடித்தல் போன்றவற்றோடு வலையமைப்பின் வழியே பிற கணிப்பொறிகளுடன் பேசுவதும் இதன் பணி.

வலையமைப்பில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஐ.பி. முகவரி உண்டு. அது ஒரு பெரிய கட்டடத்தின் முகவரி என்று கொண்டால், அக்கட்டடத்தில் எண்ணிடப்பட்ட பல வாசல்கள் இருக்கின்றன. இவற்றைப் போர்ட் என்பர். இவ்வெண்கள் 0 முதல் 65,535 வரை செல்லும். எல்லா வாசல்களும் எப்போதும் திறந்திருப்பதில்லை. ஒரு வாசலுக்குப் பின்னால் ஏதேனும் ஒரு நிரல் அமர்ந்து, வருவோருக்காகக் காத்திருந்தால்தான் அது திறந்த வாசல். விண்டோஸில் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்து கொள்ளும் சேவை 445ஆம் வாசலில் காத்திருக்கிறது. தொலைவில் இருந்தபடி கணிப்பொறியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் 3389இல் காத்திருக்கிறது. ஒரு கணிப்பொறியில் உள்ள நிரல் மற்றொன்றில் உள்ள நிரலிடம் வேலை வாங்க உதவும் சேவைக்கு 135.

விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘நெட்ஸ்டாட்’ என்ற கட்டளையை ‘ஏ’, ‘என்’ என்னும் இரு குறிகளுடன் கொடுத்தால் ஒரு நீண்ட பட்டியல் வரும். அதில் ‘லிசனிங்’ என்று எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் ஒரு திறந்த வாசல். நான் முதன்முதலில் இதைச் செய்து பார்த்தபோது திகைத்துப் போனேன். எந்த நிரலையும் நான் திறக்கவில்லை. இருந்தும் பல வாசல்களில் பல சேவைகள் காத்துக்கொண்டிருந்தன. நாம் கணிப்பொறியை இயக்கியவுடன் இவை தாமாகவே வந்து அமர்ந்துவிடுகின்றன. நாம் திறக்காத கதவு திறந்திருக்கிறது என்பதே இப்பொருளின் முதல் பாடம்.

வாசல் திறந்திருப்பது மட்டும் குற்றம் ஆகாது. வாசலில் இருப்பவர் ஏமாறக் கூடியவராக இருந்தால்தான் ஆபத்து. அவர் எப்படி ஏமாறுகிறார்?

கோட்டைத் தாண்டும் விண்ணப்பம்

நாம் நிரப்பும் விண்ணப்பப் படிவங்களில் மேற்பகுதி நமக்கு. அடிப்பகுதியில் ‘அலுவலக உபயோகத்திற்கு மட்டும்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பெயருக்கு முப்பது எழுத்து இடம் விட்டிருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவன் முப்பதோடு நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போய், கோட்டைத் தாண்டி, அலுவலகக் கட்டத்துக்குள் ‘இவ்விண்ணப்பம் ஏற்கப்பட்டது, உடனே பணம் வழங்குக’ என்றும் எழுதிவிடுகிறான். மேசைக்குப் பின்னால் இருப்பவர் யார் எழுதியது என்று பாராமல், அந்தக் கட்டத்தில் உள்ளதை அப்படியே நிறைவேற்றுகிறவர் என்றால் என்ன ஆகும்?

கணிப்பொறியின் நினைவகத்தில் நடப்பதும் இதுதான். வெளியிலிருந்து வரும் செய்தியை வைக்க நிரல் ஓர் இடத்தை ஒதுக்குகிறது. வந்த செய்தி அந்த இடத்துக்குள் அடங்குமா என்று அளந்து பார்க்க நிரலை எழுதியவர் மறந்துவிட்டாலோ, தவறாக அளந்துவிட்டாலோ, செய்தி வழிந்து அடுத்த இடத்தில் விழும். அந்த இடத்தில் கணிப்பொறி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை இருக்கக்கூடும். அங்கே தன் கட்டளையை எழுதத் தெரிந்தவன், அக்கணிப்பொறியின் தலைவன் ஆகிறான். இதனை நினைவக வழிதல் என்று கூறலாம். வாசலில் அமர்ந்திருக்கும் சேவைகளில் சில, இயக்க அமைப்பின் மிக உயர்ந்த அதிகாரத்தோடு இயங்குபவை. ஆகவே ஏமாந்தவருக்கு இருந்த அதிகாரம் முழுவதும் ஏமாற்றியவன் கைக்குப் போகிறது.

இவ்வாறு ஒரு கணிப்பொறியில் நுழைந்து, அங்கிருந்து அடுத்ததன் வாசலைத் தானே தேடிச் செல்லும் நிரலுக்குப் புழு என்று பெயர். வைரஸ் பரவுவதற்கு மனிதன் ஏதேனும் ஒரு கோப்பைத் திறக்க வேண்டும். புழுவுக்கு அதுவும் தேவையில்லை. திறந்த வாசலும் திருத்தப்படாத பிழையும் போதும்.

தனி அறையிலிருந்து தெருவுக்கு

இணையத்தில் பரவிப் பெருங்கவனம் பெற்ற முதற்புழு 1988 நவம்பர் 2 அன்று வெளிவந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ராபர்ட் டாப்பன் மாரிஸ் அதை எழுதினார். அப்போது இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணிப்பொறிகளில் 6,000 பாதிக்கப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அப்புழு பயன்படுத்திய வழிகளில் நினைவக வழிதலும் ஒன்று. எளிதில் ஊகிக்கக் கூடிய கடவுச்சொற்கள் மற்றொன்று. அந்நிகழ்ச்சியின் பின்னரே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அவசர உதவிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதே நோக்கத்துடன் நம் நாட்டில் ‘செர்ட்-இன்’ என்னும் அமைப்பு 2004இல் தொடங்கப்பட்டது.

மாரிஸ் புழு தாக்கியவை பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக் கூடங்களிலும் இருந்த யூனிக்ஸ் கணிப்பொறிகள். சாதாரண மனிதரின் மேசையில் அன்று இருந்த எம்.எஸ்.-டாஸ் கணிப்பொறிக்கு அந்த ஆபத்து இல்லை. அது நன்கு பாதுகாக்கப்பட்டிருந்ததால் அன்று, எதனோடும் இணைக்கப்படாமல் இருந்ததால். தனி அறையில் ஒருவர் தமக்குத் தாமே பயன்படுத்திக்கொள்ளும் கருவியாகவே அது உருவாக்கப்பட்டது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 இணையத்துடன் பேசும் திறனைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. தனி அறையில் வாழ்ந்தவர் தெருவுக்கு வந்துவிட்டார். பூட்டும் பழக்கம் மட்டும் உடன் வரவில்லை.

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஃபயர்வால் இருந்தது. வெளியிலிருந்து எந்த வாசலுக்கு யார் வரலாம் என்று தடுத்து நிறுத்தும் காவலாளியே ஃபயர்வால். ஆனால் எக்ஸ்.பி.யில் அது நிறுத்தி வைக்கப்பட்ட நிலையிலேயே வந்தது. காவலாளியைச் சம்பளத்துக்கு அமர்த்தி உறங்கச் சொன்னது போன்றது இது. இரண்டு பெரிய புழுக்கள் உலகைச் சுற்றி வந்த பின்னர், 2004 ஆகஸ்டில் வெளியிட்ட இரண்டாம் சேவைத் தொகுப்பில்தான் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை இயல்பாகவே இயங்கும்படி மாற்றியது. எத்தனையோ பேர் இழப்பு அடைந்து பெற்றுத் தந்த காவலாளி அவர். அவரைத்தான் நான் ஓர் அச்சுத் தாளுக்காக அனுப்பிவிட்டேன்.

மருந்து முந்தியது

மென்பொருளில் ஒரு பிழை தெரிய வந்ததும் அதை உருவாக்கிய நிறுவனம் ஒரு திருத்தம் வெளியிடுகிறது. அதுவே அப்டேட்டாக நம் கணிப்பொறிக்கு வருகிறது. 2003 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் இத்திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் வெளியிட்டு வருகிறது. இனிக் கீழ்க்காணும் நான்கு புழுக்களின் நாள்களை நோக்குக.

பிளாஸ்டர்: திருத்தம் 2003 ஜூலை 16, புழு ஆகஸ்ட் 11, இடைவெளி 26 நாள்.

சாசர்: திருத்தம் 2004 ஏப்ரல் 13, புழு ஏப்ரல் 30, இடைவெளி 17 நாள்.

கான்ஃபிக்கர்: திருத்தம் 2008 அக்டோபர் 23, புழு நவம்பர் 21, இடைவெளி 29 நாள்.

வான்னாகிரை: திருத்தம் 2017 மார்ச் 14, புழு மே 12, இடைவெளி 59 நாள்.

நான்கும் நினைவக வழிதலைப் பயன்படுத்தியவை. நான்கிலும் திருத்தம் முன்னதாகவே கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திருத்தம் வெளிவந்ததும் அதைத் தீயவர்களும் பெறுகிறார்கள். பழைய நிரலையும் திருத்திய நிரலையும் அருகருகே வைத்து, எது மாறியிருக்கிறது என்று பார்த்தால் பிழை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். ஆகவே திருத்தம் வெளியாகும் நாள், போட்டுக்கொண்டவருக்குப் பாதுகாப்புத் தொடங்கும் நாள். போட்டுக்கொள்ளாதவருக்கோ ஆபத்து பெருகத் தொடங்கும் நாள்.

எல்லாத் தாக்குதலும் திருத்தத்துக்குப் பின்னரே வரும் என்று இதனால் கொள்ளக் கூடாது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் போன்றவை, திருத்தம் வராத பிழைகளையே பயன்படுத்தின. எனினும் ஊரெங்கும் பரவி நம்மைப் போன்றவர்களைத் தாக்கியவற்றில் பெரும்பாலானவை, தீர்வு வந்து பல நாள் கழிந்த பிழைகளில் நுழைந்தவையே.

ஒரு வெள்ளிக்கிழமை

வான்னாகிரையின் கதையைச் சற்று விரிவாகக் காண்போம். விண்டோஸின் 445ஆம் வாசலில் உள்ள கோப்புப் பகிர்வுச் சேவையின் பழைய வடிவில் ஒரு பிழை இருந்தது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை அதை அறிந்திருந்தது. அதன் வழியே நுழைவதற்கு ‘எடர்னல்புளூ’ என்று பின்னர் அறியப்பட்ட கருவியையும் வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற கூட்டத்தார் அக்கருவியை ஊரறிய வெளியிட்டனர். மே 12, வெள்ளிக்கிழமை அன்று புழு புறப்பட்டது.

அது நுழைந்த கணிப்பொறியின் கோப்புகளைப் பூட்டிவிட்டு, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. மூன்று நாளில் கட்டாவிட்டால் 600 டாலர். சுமார் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் மதிப்பிட்டது. யாரும் எந்த மின்னஞ்சலையும் திறக்கவில்லை. புழு தானே 445ஆம் வாசலைத் தட்டித் தட்டிச் சென்றது.

பெருந்துன்பம் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளுக்கு நேர்ந்தது. அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 81இல் பணி பாதிக்கப்பட்டது. இரத்தானதாகக் கண்டறியப்பட்ட முன்பதிவுகள் மட்டும் 6,912. மொத்தம் 19,000க்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டனர். ஐந்து இடங்களில் அவசர சிகிச்சைக்கு வந்த நோயாளிகள் வேறு ஊர்களுக்குச் செல்ல நேர்ந்தது. திருத்தத்தைப் போடுங்கள் என்று மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கை அனுப்பப்பட்டிருந்தது என்பதையும், பாதிக்கப்பட்ட கணிப்பொறிகளில் மிகப் பல திருத்தம் கிடைக்கக் கூடிய விண்டோஸ் 7ஐக் கொண்டவை என்பதையும் அதே அறிக்கை கூறுகிறது.

அந்தப் புழுவை நிறுத்தியவர் 22 வயதான மார்கஸ் ஹட்சின்ஸ் என்னும் இங்கிலாந்து இளைஞர். பரவுவதற்கு முன் ஓர் இணைய முகவரி இருக்கிறதா என்று புழு தேடிப் பார்ப்பதை அவர் கண்டார். அப்படி ஒரு முகவரி இல்லை. அவர் அதைத் தம் பெயரில் பதிவு செய்தார். முகவரி இருப்பதைக் கண்ட புழு தன் வேலையை நிறுத்திக்கொண்டது. நம்மை விடச் சில வயதே மூத்த ஒருவர், புழுவைப் பொறுமையாகப் படித்துப் பார்த்ததால் உலகுக்குக் கிடைத்த நன்மை இது.

குற்றம் யாருடையது? அப்டேட் போடாதவர்கள் மேல் மட்டும் பழியைப் போடுவது எளிது. பிழையோடு மென்பொருளை விற்றவர்களுக்கும், பிழையை அறிந்தும் தம் பயனுக்காகச் சொல்லாமல் வைத்திருந்தவர்களுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஒரு ஸ்கேன் கருவியுடன் வந்த பழைய கணிப்பொறியில் மருத்துவமனை தானே கை வைக்க முடியாது. டேட்டாவுக்குக் கணக்குப் பார்க்கும் சிறு கடைக்காரர் அப்டேட்டை நிறுத்தச் சொல்வதில் வியப்பும் இல்லை. காரணங்கள் நியாயமானவை. ஆனால் புழு காரணம் கேட்பதில்லை.

ஒன்று போதும்

“என் கணிப்பொறியில் என்ன இருக்கிறது, யார் வரப் போகிறார்கள்?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. 2017 ஜூன் 27 அன்று தோன்றிய நாட்பெட்யா இதற்கு விடை கூறும். அது எடர்னல்புளூவோடு நிற்கவில்லை. நுழைந்த ஒரு கணிப்பொறியின் நினைவகத்திலிருந்து பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் எடுத்து, அவற்றைக் கொண்டு, திருத்தம் போட்டிருந்த கணிப்பொறிகளிலும் உரிமையாளர் போலவே நுழைந்தது. உலகின் மாபெரும் கப்பல் நிறுவனங்களுள் ஒன்றான மெர்ஸ்க், 45,000 கணிப்பொறிகளையும் 4,000 சர்வர்களையும் பத்து நாளில் புதிதாக நிறுவ நேர்ந்தது. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்தி வந்த சரக்கு முனையமும் தடைப்பட்டது.

தெருவில் ஒரு வீடு திறந்து கிடந்தால் அடுத்த வீட்டுச் சுவர் ஏறுவது எளிது. ஜெராக்ஸ் கடையில் நடந்ததும் சிறிய அளவில் இதுவே. முதல் கணிப்பொறியில் நுழைந்தது, நான் கடவுச்சொல் இன்றிப் பகிர்ந்து வைத்த கோப்புறை வழியே மற்றவற்றின் உடைமைகளையும் எட்டிற்று. வீட்டில் இருக்கும் ரூட்டர் வெளியிலிருந்து வருவோரை ஓரளவு தடுக்கும். ஆனால் உள்ளே வந்துவிட்டவரை, அதே வை-ஃபையில் இணைந்திருப்பவரை, அது தடுக்காது.

நாம் செய்யக் கூடியவை

1. அப்டேட்டை நிறுத்தாதீர்கள். டேட்டா குறைவு என்றால் அதற்கும் வழி உண்டு. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற அமைப்பு இருக்கிறது. ஒரு கணிப்பொறி இணையத்திலிருந்து இறக்கியதை, அதே வலையமைப்பில் உள்ள மற்றவை அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ளலாம். மூன்று கணிப்பொறிக்கு மூன்று மடங்கு செலவு என்பதில்லை.

2. ஃபயர்வாலை நிறுத்தாமலே பிரிண்டரைப் பகிரலாம். வலையமைப்பைப் ‘பிரைவேட்’ என்று குறித்து, கோப்பு மற்றும் பிரிண்டர் பகிர்வுக்கு மட்டும் இசைவு கொடுத்தால் போதும். இரண்டு நிமிட வேலை. அன்று நான் இதை அறிந்திருக்கவில்லை. பேருந்து நிலையம், விடுதி போன்ற பொது இடங்களின் வை-ஃபையில் எப்போதும் ‘பப்ளிக்’ என்றே குறிக்க வேண்டும்.

3. கோப்புறையைப் பகிர்ந்தால் கடவுச்சொல்லுடன் பகிருங்கள். படித்தால் போதும் என்பவருக்கு எழுதும் உரிமை கொடுக்காதீர்கள். கோப்புப் பகிர்வின் பழைய முதல் வடிவம் இன்னும் இயங்கினால் அதை நீக்குங்கள்.

4. ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத பயனர் கணக்கைப் பயன்படுத்துங்கள்.

5. ஆதரவு முடிந்த இயக்க அமைப்பை இணையத்தில் இணைக்காதீர்கள். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் பொது ஆதரவு முடிந்தது. புதிய விண்டோஸை ஏற்காத பழைய கணிப்பொறியில் லினக்ஸ் நிறுவலாம். லினக்ஸிலும் பிழை வருவதுண்டு. கோப்புப் பகிர்வுக்கு அதில் பயன்படும் சாம்பா நிரலில், ஏழு ஆண்டுகளாக மறைந்திருந்த பிழை ஒன்று 2017 மே மாதத்தில்தான் திருத்தப்பட்டது. ஆகவே எதை நிறுவினாலும் முதல் விதி மாறாது.

6. முக்கியமான கோப்புகளுக்குத் தனி வட்டில் ஒரு நகல் வைத்து, நகலெடுத்ததும் வட்டைக் கழற்றி விடுங்கள். மாட்டியபடியே இருக்கும் வட்டும் கூடவே பூட்டப்பட்டுவிடும்.

7. மீறித் தாக்கப்பட்டால், முதலில் வலையமைப்பு வயரைப் பிடுங்குங்கள். பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் எடுத்து வையுங்கள். 2016இல் யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் பிறரும் சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ திட்டம், சில வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறவுகோல் தருகிறது. கடையில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டதால் அந்த வாய்ப்பும் இல்லாமற்போயிற்று.

முடிவுரை

நாம் பலரும் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். கணிப்பொறி படிக்கிற பிள்ளை என்று ஊரார் நம்மை அழைத்து, “இதைக் கொஞ்சம் பாருப்பா” என்று சொல்வார்கள். அவர்கள் நம் கையில் கொடுப்பது ஒரு கணிப்பொறியை மட்டும் அன்று; தம் கணக்கையும் பத்திரத்தையும் சான்றிதழையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். வேலை நடந்தால் போதும் என்று ஒரு கதவைத் திறந்துவிட்டு வருவது எளிது. திறந்ததைச் சாத்தி வருவதே படிப்பு.

இப்போது ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாள் இரவு அந்தக் கடைக்குப் போகிறேன். வாடிக்கையாளர் போன பின் மூன்று கணிப்பொறிகளுக்கும் அப்டேட் போட்டு, தனி வட்டில் நகல் எடுத்து, அதைக் கழற்றி அண்ணனிடம் கொடுக்கிறேன். மூன்றில் பழையதான ஒன்று லினக்ஸில் ஓடுகிறது. போன நான்கு ஆண்டுக் கணக்கு திரும்பி வரவில்லை. இனிமேல் போகாமல் இருக்க வேண்டும். ஷட்டரை இறக்கிப் பூட்டியதும் அண்ணன் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். நானும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டே வீடு திரும்புகிறேன்.